பழைய படங்களை நண்பர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்வது: முழுமையான வழிகாட்டி

நாங்கள் நான்கு நண்பர்கள் ஆறு ஆண்டுகளாக, இரண்டு வாரத்திற்கு ஒரு சனிக்கிழமை, முறை வைத்து ஒருவர் வீட்டில் மற்றவர்களுக்குப் பழைய படம் காட்டிவருகிறோம். இடையில் சேர்ந்தவர்களும் உண்டு, ஓரிரு வாரங்களில் நின்றுபோனவர்களும் உண்டு. நின்றவர்களில் பெரும்பாலோர் பழைய படங்களைப் பிடிக்காமல் நிற்கவில்லை. அவர்களுக்கு ஏற்ற படம் கிடைக்காமலோ, நல்ல படமே வெட்டுப்பட்ட பிரதியில் கிடைத்தோ, படத்திற்கு முன்னும் பின்னும் நாங்கள் அளவுக்கு மீறிப் பேசியதாலோ நின்றார்கள். அந்தத் தவறுகளைச் செய்து திருத்திக்கொண்ட பிறகு எங்களுக்குப் படிந்துவந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். படத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஆளைப் பிறகு தேடுவதும், ஆட்கள் வந்து அமர்ந்த பிறகு பிரதியைத் தேடுவதும்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப இடறும் இடங்கள்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை இருந்தால் போதும். ஆறாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுகிறது. ஒருவரின் முறை மீண்டும் வருவதற்கு மூன்று மாதம் ஆகிவிடுவதால் ஆர்வமும் தளர்கிறது.

கொடுப்பவரே எப்போதும் கொடுப்பவராக இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டுமே படம் காட்டிக்கொண்டிருந்தால் அது பாடம் நடத்துவது போலாகி, மற்றவர்கள் மாணவர்களாகிவிடுகிறார்கள். ஹிந்தி நகைச்சுவைப் படம் ஒன்றையே ஒரு நண்பர் ‘என் பழைய படம்’ என்று கொண்டுவந்தாலும் அவருடைய முறை அவருக்கு உண்டு.

பொருட்களாக வேண்டியவை மிகக் குறைவு: ஓரளவு பெரிய தொலைக்காட்சி, அதன் உள் ஒலிபெருக்கியைவிடச் சற்று நல்ல ஸ்பீக்கர் ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். அவற்றைவிட அரிதானது இடையூறில்லாத மூன்றரை மணி நேரம். வீட்டில் மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அந்த நேரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வரவேற்பறையில் படம் ஓடும்போது பிள்ளைகளுக்குப் பாடம் படிக்க இடமில்லை என்றால் படத்திலும் யாருக்கும் மனம் ஒட்டாது.

2. படத்தை யோசிக்கும் முன் நண்பரை விசாரியுங்கள்

‘உனக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும்?’ என்ற கேள்வியால் பயனில்லை. எல்லோரும் ‘நல்ல படம் எதுவானாலும் பார்ப்பேன்’ என்றுதான் பதில் சொல்கிறார்கள். மாறாக, அண்மையில் யாரும் வற்புறுத்தாமல் தானாகவே கடைசி வரை பார்த்த படம் எது என்று கேளுங்கள். அதன் பின் பாதியில் நிறுத்திய படம் எது, எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேளுங்கள். இரண்டாவது பதில்தான் அதிகம் உதவும். பாடல் வந்ததும் நிறுத்தினாரா, வசனம் நீண்டதும் நிறுத்தினாரா, எதுவுமே நடக்காத பத்து நிமிடத்தில் நிறுத்தினாரா என்பதைப் பொறுத்து அவருக்குரிய முதல் படம் மாறும்.

அடுத்து, திரையின் கீழே வரும் வசன வரிகளை (சப்டைட்டில்) படித்துக்கொண்டே படம் பார்க்கும் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். பழக்கமில்லாதவர் முதல் அரை மணி நேரம் எழுத்தை மட்டுமே பார்ப்பார். நடிப்பவரின் முகத்தைத் தவறவிடுவார். அவருக்கு முதல் இரண்டு படங்கள் அவர் காதால் புரிந்துகொள்ளும் மொழியிலேயே இருக்கட்டும்.

மூன்றாவதாக, இப்போதைக்குத் தாங்க முடியாத விஷயம் ஏதேனும் உண்டா என்று மென்மையாகக் கேட்டுவிடுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். தந்தையை மருத்துவமனையில் வைத்துப் பார்த்து இரண்டு மாதமே ஆகியிருந்த நண்பருக்கு, ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தைப் போட்டேன். கதை முழுவதும் மருத்துவமனையிலேயே நடக்கும் படம் அது. அவர் எழுந்து போகவில்லை, மரியாதைக்காக இருந்தார். ஆனால் கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய கையை நான் இருபதாம் நிமிடத்தில்தான் கவனித்தேன். படத்தை நிறுத்திவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். படம் எவ்வளவு உயர்ந்தது என்பது அந்த மாலையில் ஒரு பொருட்டே இல்லை.

3. முதல் படமாக எளிதில் நுழைய முடிவதைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். நமக்கு உயிரான படத்தை முதல் நாளே காட்டிவிட வேண்டும் என்று மனம் துடிக்கும். அப்படிச் செய்யாதீர்கள். நமக்கு மிகவும் பிடித்த படம் பெரும்பாலும் நாம் இருபது முப்பது பழைய படங்கள் பார்த்துப் பழகிய பிறகு வந்து சேர்ந்த படமாகவே இருக்கும். அந்தப் பழக்கம் இல்லாதவரை நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்துவது முறையல்ல.

பழைய படத்திற்குள் நுழையப் புதியவருக்கு இருக்கும் தடைகள் எண்ணிவிடக்கூடியவை: கறுப்பு வெள்ளை, நீளம், மேடைத் தமிழில் நீளும் வசனம், அடுக்கடுக்கான பாடல்கள், அந்நிய மொழி, நிதானமான ஓட்டம். ஒரு படத்தில் ஒரு தடைக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு தடை சேர்ந்தால் நண்பர் களைத்துப் போவார். மூன்று சேர்ந்தால் அவர் அடுத்த வாரம் வர மாட்டார்.

உதாரணமாக, வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் அதில் பாடலே கிடையாது, இரண்டு மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும், தொடங்கிய கையோடு துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிடும், பிறகு துப்பறிதல். தடை ஒன்றே ஒன்று. அதையும் பத்தாம் நிமிடத்தில் மறந்துவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளை என்றாலே தூக்கம் வரும் என்று சொன்ன மூன்று பேருக்கு இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன், மூவரும் தூங்கவில்லை.

கறுப்பு வெள்ளையை அறவே ஏற்காதவருக்கு ‘காதலிக்க நேரமில்லை’ (1964). வண்ணப் படம், நகைச்சுவை. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. ஆனால் அந்தக் காட்சியைத் துண்டாகப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர் முழுப் படத்தைப் பார்த்ததில்லை என்பது எங்கள் அனுபவம். தெரிந்த காட்சி ஒன்று நடுவில் காத்திருப்பது புதியவருக்குப் பெரிய துணை.

நீண்ட வசனத்தை ரசிக்கும் நண்பர், பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர் என்றால், ‘பராசக்தி’ (1952) மூன்று மணி நேரத்தைத் தாண்டினாலும் அவருக்குப் பாரமாக இருக்காது. அதே படத்தை, வசனம் நீண்டால் நெளிகிற நண்பருக்கு முதலில் கொடுத்தால் நீதிமன்றக் காட்சி வருவதற்குள் அவரை இழந்துவிடுவோம். ஒரே படம் ஒருவருக்கு வாசலாகவும் இன்னொருவருக்குச் சுவராகவும் இருப்பதால்தான் இரண்டாம் படியில் அவ்வளவு விசாரிக்கச் சொன்னேன்.

பிற மொழிப் படங்களில் சிட்னி லூமெட் இயக்கிய ‘12 ஆங்க்ரி மென்’ (1957) நல்ல தொடக்கம். 96 நிமிடம், ஏறக்குறைய முழுக்க ஓர் அறை, ஒரு வழக்கில் முடிவு சொல்ல வேண்டிய பன்னிரண்டு பேரில் யார் யார் மனதை மாற்றுகிறார் என்பதே கதை. டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) ஒன்றரை மணி நேரத்திற்குள் முடியும். திருட்டுப் போன சைக்கிளை அப்பாவும் மகனும் ரோம் நகரில் தேடி அலைகிறார்கள் என்பதால் வசன வரியைப் பாதி தவறவிட்டாலும் கதை புரியும். இதற்கு நேர்மாறாக, ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) என் உயிருக்கு நெருக்கமான படம் என்றாலும், அதை ஐந்தாறு படங்களுக்குப் பிறகே கொடுக்கிறேன். கேமரா ஏறக்குறைய அசைவதே இல்லை, யாரும் குரல் உயர்த்துவதில்லை, மொழி ஜப்பானியம். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க நகரத்திற்கு வரும் வயதான பெற்றோரின் கதை நம் வீட்டுக் கதையேதான். ஆனால் அதன் நிதானத்திற்குக் கண் பழகியிருக்க வேண்டும்.

4. இரண்டாவது படத்தை முதல் படத்திலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்

முதல் படம் பிடித்துவிட்டது என்றதும் முற்றிலும் வேறான ஒன்றுக்குத் தாவுவது பொதுவான தவறு. நண்பர் எதைப் பிடித்துக்கொண்டாரோ அதன் நுனியைப் பிடித்தே அடுத்த படத்திற்குப் போங்கள்.

‘அந்த நாள்’ படத்தில் ஒரே நிகழ்வைப் பலர் வாயால் கேட்பது பிடித்திருந்தால், அடுத்தது குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950). அதுவும் ஒரே நிகழ்வைப் பல வாய்களால் சொல்கிறது, 88 நிமிடம்தான். இந்த முறை மொழி மட்டுமே புதுத் தடை. ரஜினிகாந்த் ரசிகருக்கு ‘முள்ளும் மலரும்’ (1978) எளிய வாசல். அதில் மகேந்திரன் என்ற இயக்குநரைக் கவனித்துவிட்டார் என்றால் அடுத்து ‘உதிரிப்பூக்கள்’ (1979). அவர் புதுமைப்பித்தனைப் படித்தவராகவும் இருந்தால், ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்த படம் என்ற ஒரு வார்த்தையே அவரை உட்காரவைத்துவிடும். வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பருக்கு பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தைக் காட்டினோம். மேஸ்திரியோடும் மணல் லாரியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், படம் முடிந்ததும் நெடுநேரம் எழவில்லை.

ஒரே நடிகரின் படங்களை வரிசையாக ஐந்து காட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவது படத்திலேயே நண்பர் கதையை விட்டுவிட்டு நடிகரின் பழக்கங்களை எண்ணத் தொடங்கிவிடுவார்.

5. பிரதியை இரண்டு நாள் முன்பே சரிபாருங்கள்

பழைய படம் அலுப்பூட்டியது என்று சொல்பவர்களில் பலர் பார்த்தது படத்தை அல்ல, படத்தின் சிதைந்த பிரதியை. தொலைக்காட்சிக்காக வெட்டியது, பாடல்களை நீக்கியது, முகங்களை அகலமாக இழுத்தது, ஒலி இரைவது என்று பலவகை உண்டு. நண்பர்கள் வந்து அமர்ந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

முதலில் நீளத்தைச் சரிபாருங்கள். பல இந்தியப் படப் பிரதிகளின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வரும். அங்கே படத்தை நிறுத்திப் பார்த்தால் நீளம் அடியிலோ மீட்டரிலோ எழுதப்பட்டிருக்கும். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்திற்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,900 மீட்டர் என்று இருந்தால் படம் ஏறத்தாழ 179 நிமிடம் இருக்க வேண்டும். உங்கள் கையிலுள்ள பிரதி 150 நிமிடம் என்றால் அரை மணி நேரத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள். வேறு பிரதி தேடுங்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு எச்சரிக்கைகள். மறுவெளியீட்டுக்காகச் சுருக்கிய பிரதிக்குப் புதிதாக வாங்கிய சான்றிதழ் என்றால், அதில் இருப்பது சுருக்கிய நீளமே. மேலும், படச்சுருள் நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும். சில டிவிடிகள் அதை 25 சட்டகமாக ஓட்டும். அப்போது 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். வெட்டு எதுவும் இருக்காது, குரல்கள் மட்டும் இம்மியளவு உயர்ந்து ஒலிக்கும். ஆகவே நான்கு விழுக்காடு குறைந்தால் கவலைப்பட வேண்டாம். பத்து விழுக்காடு குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது உருவத்தின் அளவு. 1950களின் தொடக்கம் வரை வந்த படங்கள் ஏறக்குறைய சதுரத்திற்கு நெருங்கிய சட்டகத்தில், உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற கணக்கில் எடுக்கப்பட்டவை. நம் ஊரில் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அந்த அளவே பெருவழக்காக இருந்தது. இன்றைய தொலைக்காட்சியில் அந்தப் படம் அகலத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் நிரப்பும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்க வேண்டும். பட்டையே இல்லாமல் திரை முழுதும் நிரம்பியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. இழுத்திருந்தால் எல்லோரும் முப்பது விழுக்காடு பருத்துத் தெரிவார்கள். பெரிதாக்கி வெட்டியிருந்தால் மேலும் கீழுமாகக் கால் பங்கு உருவம் போய்விட்டிருக்கும், நடனக் காட்சியில் ஆடுபவரின் பாதமே தெரியாது.

இழுத்திருக்கிறார்களா என்று அறிய எளிய வழி, வட்டமான பொருள் நேராகத் தெரியும் ஒரு காட்சியில் நிறுத்துவது. சுவர்க் கடிகாரம், காரின் சக்கரம், நாயகியின் நெற்றியில் வட்டமாக இட்ட குங்குமப் பொட்டு, எதுவானாலும் சரி. பொட்டு முட்டை வடிவில் படுத்திருந்தால் பிரதி இழுக்கப்பட்டிருக்கிறது, அல்லது உங்கள் தொலைக்காட்சி இழுக்கிறது.

புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதற்காக ஒரு மாதம் காத்திருக்கலாம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) படத்தின் மூல நெகடிவ், 1993ஆம் ஆண்டு லண்டனில் ஒரு லேபில் நேர்ந்த தீயில் சேதமடைந்தது. எஞ்சியதையும் வேறு பிரதிகளையும் கொண்டு சட்டகம் சட்டகமாகச் சீரமைத்து 2015ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மங்கிப்போன பழைய பிரதியில் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த காட்டில், இந்தப் பிரதியில் ஒவ்வொரு இலையும் தனித்தனியே அசைவதைக் காணலாம். முதல் தடவை பார்க்கும் நண்பருக்கு அந்த வேறுபாடு படத்தையே மாற்றிவிடும்.

கறுப்பு வெள்ளைப் படத்திற்குப் பிற்காலத்தில் வண்ணமேற்றிய பிரதியைக் கொடுக்காதீர்கள். ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு எடுத்த முகத்தில் பூச்சு ஏறியதும், ஒளிப்பதிவாளர் செய்த வேலை மறைந்துவிடுகிறது.

வசன வரிகள் தேவை என்றால் படத்தின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து முடிவில் விலகினால் அந்த வரிகள் வேறு பிரதிக்கு எழுதப்பட்டவை. அந்தப் பிரதிக்குரியதைத் தேடுவதே தீர்வு. முழுவதும் ஒரே அளவில் விலகியிருந்தால் கணினியில் விஎல்சி ப்ளேயரின் ஜி, ஹெச் விசைகளால் முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.

எங்கே தேடுவது என்பதற்குச் சுருக்கமான பதில்: தயாரிப்பாளரோ உரிமையாளரோ தாமே வெளியிட்ட பிரதியை முதலில் பாருங்கள். யார் யாரோ ஏற்றிய பிரதிகளில்தான் வெட்டும், நடுவில் மிதக்கும் முத்திரையும், திருத்தமில்லாத ஒலியும் அதிகம்.

6. தொலைக்காட்சியின் அமைப்புகளை மாற்றுங்கள்

புதிய தொலைக்காட்சிகள் அசைவை வழுவழுப்பாக்க, சட்டகங்களுக்கு இடையே தாமாகவே புதிய சட்டகங்களை உருவாக்கிச் சேர்க்கின்றன. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் 1950களின் படம் நேற்று எடுத்த நெடுந்தொடர் போலத் தெரியும். ஏன் ஒட்டவில்லை என்று நண்பருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஒட்டவில்லை என்பது மட்டும் தெரியும். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதை அழுத்தினாலே போதும்.

ஒலியில் சரவுண்ட் விளைவுகளை நிறுத்துங்கள். ஒற்றைத் தடத்தில் பதிவான வசனத்தை அறை முழுக்கச் சிதறவிட்டால் சொற்கள் தெளியாது. இரைச்சல் அதிகமாக இருந்தால் ட்ரெபிளை, அதாவது கூர்மையான உயர் ஒலிகளின் அளவை, சற்றுக் குறையுங்கள். அதிகம் குறைத்தால் ‘ச’வும் ‘ஸ’வும் மங்கிவிடும்.

7. முன்னுரை மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது

முன்னுரையில் மூன்று செய்திகள் போதும்: எந்த ஆண்டு வந்தது, எவ்வளவு நேரம் ஓடும், பார்ப்பவருக்குத் தெரியாமலிருந்தால் கதை புரியாமல் போகக்கூடிய பின்னணி ஏதேனும் உண்டா. நேரத்தை ஏன் சொல்ல வேண்டும் என்றால், எப்போது முடியும் என்று தெரியாதவர்தான் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பின்னணி என்பது எந்த அளவு என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். ‘அந்த நாள்’ கதை, 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாட்களில் நடக்கிறது. இளைய நண்பர்களில் பலருக்குச் சென்னையில் குண்டு விழுந்ததே தெரியாது, எனவே அந்த ஒரு வரியைச் சொல்கிறேன். ‘12 ஆங்க்ரி மென்’ படத்திற்கு, பொதுமக்களிலிருந்து எடுத்த குழு வழக்கில் முடிவு சொல்லும் ஜூரி முறை நம் நீதிமன்றங்களில் இப்போது வழக்கத்தில் இல்லை என்பதால், பன்னிரண்டு பேரும் ஒருமனதாக முடிவெடுத்தாக வேண்டும் என்ற விதியைச் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

‘உலகத் தரம்’, ‘இதைப் போல இனி எவனும் எடுக்க முடியாது’, ‘கடைசிக் காட்சியில் அழுதுவிடுவாய்’ போன்ற சொற்களை அறவே விடுங்கள். அவை நண்பரின் தோளில் ஒரு கடனை ஏற்றுகின்றன. அழுகை வராவிட்டால் தன்னிடம் ஏதோ குறை என்று நினைப்பார், அல்லது நம்மிடம் பொய் சொல்வார். பாடல் துண்டுகளையும் காட்சித் துண்டுகளையும் முந்தைய வாரமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பதும் இதே வகைத் தவறுதான். படத்தில் அந்த இடம் வரும்போது அது வந்து போய்விட்ட விருந்தாளியாகிவிடுகிறது.

8. படம் ஓடும்போது

அறிமுகம் செய்பவர் மற்றவர்களுக்குப் பின்னால் உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் நம் கண் திரையைவிட்டு நண்பரின் முகத்திற்கே போகும்; சிரித்தாரா, கண் கலங்கியதா என்று நாம் பார்ப்பதை அவர் உணர்ந்துவிடுவார். உணர்ந்த நிமிடத்திலிருந்து அவர் படத்தைப் பார்க்க மாட்டார், பார்ப்பவராக நடிப்பார். எங்கள் குழுவில் இதை நான்கு பேருமே செய்திருக்கிறோம். ‘இப்பப் பாரு, இப்பப் பாரு’ என்று முழங்கையால் இடிக்கும் பழக்கமும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய அன்றே நின்றது.

கைபேசிகள் எல்லாம் அடுத்த அறையில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. நொறுக்குத் தீனியில் முறுக்கையும் சீவலையும் இடைவேளைக்கு வைத்துவிட்டு, படம் ஓடும்போது சுண்டலோ வேகவைத்த கடலையோ கொடுங்கள். சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931) பேச்சில்லாத படம், இசையும் சில ஓசைகளும் மட்டுமே. ஒருவர் முறுக்கைக் கடித்தால் அறைக்கே கேட்கிறது.

பாடல்களை ஓட்டிவிடாதீர்கள். பழைய தமிழ்ப் படத்தில் கதாபாத்திரம் வசனத்தில் சொல்லத் துணியாததைப் பாடலில்தான் சொல்லும்; பாடலைத் தாண்டிவிட்டால் அடுத்த காட்சியில் அவர்கள் ஏன் மாறிவிட்டார்கள் என்பது விளங்காது. பாடல்களைத் தாங்க முடியாத நண்பர் என்றால் பாடலில்லாத படத்தைத் தேர்ந்தெடுங்கள், பாடல் உள்ள படத்தை வெட்டாதீர்கள்.

இடைவேளையைப் படம் எங்கே விட்டிருக்கிறதோ அங்கேயே விடுங்கள். நம் படங்களில் அது திரையிலேயே எழுதப்பட்டிருக்கும். 207 நிமிடம் ஓடும் ‘செவன் சாமுராய்’ (1954) படத்திலும் அதற்கெனத் தனி இடம் உண்டு. அந்த இடத்தை நோக்கியே காட்சிகள் கட்டப்பட்டிருப்பதால், காபிக்காகப் பத்து நிமிடம் முன்னே நிறுத்தினால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

9. படம் முடிந்ததும்

எழுத்துகள் ஓடி முடியும் வரை விளக்கைப் போடாதீர்கள். அதன் பின்னும் முதல் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். குறிப்பாக, ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘நல்லா இருந்தது’ என்பதைத் தவிர நண்பரால் வேறு பதில் சொல்ல முடியாது. சொன்ன பிறகு அவர் உண்மையில் நினைத்ததைச் சொல்வதும் கடினமாகிவிடும்.

பேச்சு தானாகத் தொடங்கவில்லை என்றால், கண்ணில் நிற்கும் ஒரு காட்சியை மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்லுங்கள். பிடித்த காட்சி என்று கேட்காமல், நிற்கும் காட்சி என்று கேளுங்கள். படம் பிடிக்காதவருக்கும் ஏதோ ஒன்று நிற்கும். அதைச் சொல்லும்போது ஏன் பிடிக்கவில்லை என்பதும் தானாக வெளிவரும். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்த ஒருவர், உணவுக் கடையில் அந்தச் சிறுவன் பக்கத்து மேசைப் பையனைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைச் சொன்னார். நான் அந்தப் படத்தை ஐந்து முறை பார்த்திருந்தும், அன்று அவர் சொல்லித்தான் அந்தப் பார்வையில் இருந்த வெட்கத்தைக் கண்டேன்.

பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் வாதாடாதீர்கள், விளக்கவும் விளக்காதீர்கள். விளக்கம் கேட்டு ஒரு படம் யாருக்கும் பிடித்துப்போனதில்லை. எந்த இடத்தில் விலகினார் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்வுக்கு அது வேண்டும்.

10. வாங்கிக்கொள்ளும் முறை

மற்றவர் காட்டும் படத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கும் ஒழுங்கு தேவை. பழைய படங்களில் ஊறியவர்களே இங்கே அதிகம் தவறுகிறார்கள்: நண்பர் கொண்டுவந்த படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டு, இதைவிட அது மேல் என்று படம் முடியும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்திற்குப் பிறகு அந்த நண்பர் தன் விருப்பத்தை வெளியே எடுக்க மாட்டார். ஒப்பீட்டை அடுத்த வாரத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குள் நாற்பது நிமிட விதி ஒன்று உண்டு. நாற்பது நிமிடம் முழு மனதோடு பார்த்த பிறகும் ஒருவருக்கு ஒட்டவில்லை என்றால், அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம். யாரும் வருந்தக் கூடாது. இந்த விதியை வைத்த பிறகு எழுந்துபோனவர் இதுவரை இருவர்தான். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் நிம்மதியாக உட்காருகிறார்கள்.

11. நண்பர் வேறு ஊரில் இருந்தால்

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே மாலை 5 மணிக்குத் தொடங்கினால் அங்கே இரவு 7.30. டொரன்டோ நண்பருக்குக் கோடையில் அவருடைய காலை 9.30 நமக்கு இரவு 7 மணி. குளிர்காலத்தில் அதே 7 மணி அவருக்குக் காலை 8.30 ஆகிவிடும் என்பதை மறந்து நாங்கள் ஒருமுறை ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

இருவரிடமும் ஒரே பிரதி இருக்க வேண்டும். நீளம் நொடி வரை ஒத்துப்போகிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒருவர் சிரித்த பிறகு மற்றவருக்கு அந்தக் காட்சி வரும். படம் ஓடும்போது அழைப்பைத் துண்டித்துவிடுங்கள், இடைவேளையிலும் முடிவிலும் மட்டும் அழையுங்கள். திறந்திருக்கும் அழைப்பில் யாராவது பேசாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

12. நோட்டுப் புத்தகத்தில் எழுதி முடித்தே கலையுங்கள்

ஒரு படத்திற்கு அரைப் பக்கம் போதும்: தேதி, படம், யார் காட்டியது, எந்தப் பிரதி, அதன் நீளம், ஒவ்வொருவருக்கும் நின்ற காட்சி, ஒருவர் விலகிய இடம். பிரதியைப் பற்றி எழுதுவதை விட்டுவிடாதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே படத்தை வேறொருவருக்குக் காட்ட நினைக்கும்போது, முன்பு வெட்டில்லாமல் கிடைத்தது எது என்ற தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கடைசி வரியில் அடுத்த முறை யாருடையது, எந்தச் சனிக்கிழமை, யார் வீடு என்பதை எல்லோரும் இருக்கும்போதே எழுதுங்கள். படத்தின் பெயர் அப்போது முடிவாக வேண்டியதில்லை. ஆளும் நாளும் முடிவாக வேண்டும். ‘பிறகு குழுவில் பேசிக்கொள்வோம்’ என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய இரண்டு தடவையும் எங்களுக்கு அடுத்த படத்திற்கு நான்கு மாதம் ஆனது.